கருவா இலையில் கொப்புளம்: குற்றவாளி மழையா, வெயிலா?

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், பாலிக் புலாவில் இருக்கிறது எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தாத்தா நட்ட கருவா மரம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் சுருக்கமாகப் "பட்டை" என்று சொல்வோமே, அந்தப் பட்டையைத் தரும் மரம். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அந்த மரம் பாட்டியின் பொறுப்பாயிற்று. ஆட்டிறைச்சி சமைக்கும் நாளில் பாட்டி பின்வாசலுக்குப் போய் இரண்டு இலையைக் கிள்ளி வருவார். எண்ணெயில் அந்த இலை விழுந்ததும் வரும் வாசம்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.

நான் படிவம் 4 படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பாட்டி வெறுங்கையோடு திரும்பி வந்தார். "இலையெல்லாம் பரு வந்த மாதிரி இருக்கு. எப்படிப் போடுறது?" என்றார். போய்ப் பார்த்தேன். இலையின் மேல்பக்கம் முழுவதும் மிளகு அளவில் சிறு சிறு கொப்புளங்கள். சில பச்சை, சில இளஞ்சிவப்பு, சில காய்ந்து பழுப்பாகிவிட்டவை. தடவிப் பார்த்தால் தவளையின் முதுகு போல இருந்தது.

அப்பாவின் முடிவு உடனே வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர், "இது தொத்து நோய். என் டுரியான் மரத்துக்கும் ஜாதிக்காய் மரத்துக்கும் பரவிவிடும்" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். அப்பா பாராங் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. மரத்தடியில் போய் நின்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் பள்ளியில் அறிவியல் ஆய்வுப் போட்டிக்குத் தலைப்பு கேட்டிருந்தார்கள். நான் அப்பாவிடம் போய், "இந்த மரத்தைத்தான் ஆராயப் போறேன். கொஞ்சம் டைம் குடுங்கப்பா" என்றேன்.

அப்பா யோசித்தார். "அடுத்த தீபாவளி வரைக்கும். அதுக்குள்ள மரம் தேறலன்னா வெட்டிடுவேன். அப்ப அழக் கூடாது."

அப்படித்தான் ஒரு மரத்தின் உயிர் என் ஆய்வு நோட்டில் மாட்டிக்கொண்டது.

நான்கே கால்கள்

முதல் வேலை, கொப்புளத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. பிளேடால் ஒன்றை இரண்டாக வெட்டிக் கண்ணால் பார்த்தேன். உள்ளே மெல்லிய முடிகள் அடர்ந்த ஒரு குழி. வேறொன்றும் இல்லை. பூச்சி, புழு, முட்டை எதுவும் தெரியவில்லை.

மறுநாள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது முதுகு சிலிர்த்தது. அந்த முடிக்காட்டுக்குள் வெளிர் நிறத்தில், கேரட் கிழங்கு போல ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் கூராக, உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன.

அவற்றுக்குப் பெயர் சிலந்திப்பேன். எரியோபையிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. பேன் என்று பெயர் இருந்தாலும் இவை பூச்சிகள் அல்ல. சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தக்காரர்கள். ஆனால் சிலந்திக்கு எட்டுக் கால்கள் இருக்க, இந்தக் குடும்பத்துக்கு நான்கே நான்கு. அவையும் தலைப்பக்கத்தில் மட்டும். உடல் நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். ஐந்தை வரிசையாக நிறுத்தினால்தான் நம் அளவுகோலின் ஒரு மில்லிமீட்டர் கோடு நிரம்பும். கண்கள் இல்லை. சிறகு இல்லை. மூச்சுவிடத் தனி உறுப்பும் இல்லை. மெல்லிய தோல் வழியாகவே காற்று போய் வருகிறது.

இவ்வளவு சிறிய ஒன்று எப்படி இவ்வளவு பெரிய கொப்புளத்தைக் கட்டுகிறது? அங்கேதான் அதிசயம். கட்டுவது பேன் அல்ல, மரம். இளம் இலையின் மேல்தோல் செல் ஒன்றில் பேன் தன் ஊசி போன்ற வாயைக் குத்துகிறது. அதன் உமிழ்நீர் பட்டதும் சுற்றியுள்ள செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகுகின்றன. இலை அந்த இடத்தில் உப்பிப் பை போலாகிறது. பையின் உள்சுவர் பேனுக்கு உணவு. பையே வீடு. அதற்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குடும்பம் பெருக்குகிறது. வாசல் மிகச் சிறியது. சொந்தச் செலவில் வாடகை வீடு கட்டி, வாடகையும் வாங்காமல் சாப்பாடும் போடும் நிலைமைதான் பாவம் அந்த இலைக்கு.

இதில் ஒரு நிபந்தனையை மட்டும் நினைவில் வையுங்கள். முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது: கொப்புளம் உருவாவது இளம் இலையில் மட்டுமே. முற்றிய இலையின் செல்கள் வளர்ந்து முடிந்தவை. பேன் குத்தினாலும் அவை பை கட்டுவதில்லை.

பக்கத்துத் தோட்டக்காரரின் பயத்துக்கும் இங்கேயே பதில் கிடைத்தது. கொப்புளம் உண்டாக்கும் சிலந்திப்பேன்கள் பெரும்பாலும் ஒரே வகை மரத்தை, அல்லது அதன் நெருங்கிய உறவு மரங்களை மட்டுமே நம்பி வாழ்பவை. கருவா மரத்தின் பேன் டுரியானில் குடியேறாது. இதை அப்பாவிடம் சொன்னேன். "புஸ்தகத்துல இருக்கலாம்" என்றார். பாராங் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது.

மழைமானி செய்த கதை

என் ஆய்வுக் கேள்வி எளிமையானது. வானிலைக்கும் கொப்புளத்துக்கும் தொடர்பு உண்டா?

என் ஊகமும் எளிமையானது. இவ்வளவு சிறிய உயிரை மழை அடித்துக் கழுவிவிடும். ஆகவே மழை கூடினால் கொப்புளம் குறையும்.

முதலில் பாயான் லெப்பாஸ் விமான நிலையப் பக்கத்து வானிலை நிலையத்தின் மழை அளவை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் பாயான் லெப்பாஸ் மலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அங்கே கொட்டும்போது இங்கே துணி காய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அதனால் ஒரு தண்ணீர்ப் போத்தலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, நானே மழைமானி செய்தேன். மரக்கிளையில் ஒரு வெப்பமானியும் கட்டினேன்.

செப்டம்பரில் தொடங்கி, ஒவ்வொரு சனிக்கிழமையும் கைக்கெட்டும் கிளைகளில் இருந்த கொப்புளங்களை எண்ணினேன். ஒன்று விடாமல். கொசுக்கடி வாங்கிக்கொண்டு எண்ணினேன்.

பினாங்கின் வானிலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். செப்டம்பரும் அக்டோபரும் பெருமழை மாதங்கள். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை வறட்சி. கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தத்தளிக்கும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தின் பெரும்பகுதியில் எங்கள் ஊரில் புல் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே நாடு, ஒரே பருவக்காற்று, இரண்டு வானிலை.

என் கணக்கில் வந்த முடிவு என்னையே திகைக்க வைத்தது. மழை மாதங்களில் கொப்புளம் ஏறிக்கொண்டே போனது. வறண்ட மாதங்களில் குறைந்தது. என் ஊகம் தலைகீழ்! சரி, அறிவியல் என்றால் அப்படித்தான் என்று ஊகத்தைக் கைவிட்டேன். அழகான வரைபடம் வரைந்து, "மழை சிலந்திப்பேனைப் பெருக்குகிறது" என்று தடித்த எழுத்தில் முடிவுரை எழுதினேன்.

ஒரே ஒரு கேள்வி

போட்டி மார்ச் மாதத்தில் நடந்தது. நடுவர்களில் ஒருவர் வயதான அம்மையார். என் வரைபடத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, மலாயில் மென்மையாகக் கேட்டார்: "இந்தச் சனிக்கிழமை எண்ணிய கொப்புளத்துக்கு என்ன வயது?"

எனக்குப் புரியவில்லை.

"இந்த வார மழையோடு இந்த வாரக் கொப்புளத்தை ஒப்பிட்டிருக்கிறாய். ஆனால் இந்தக் கொப்புளம் எப்போது தொடங்கியது? போன மாதமா, அதற்கு முந்தின மாதமா?"

நான் பதில் சொல்லாமல் நின்றேன். அவர் இன்னொன்றும் கேட்டார். "மழைக்காலத்தில் பெருகியது பேனா, இலையா?"

நான் வெற்றி பெறவில்லை. ஆறுதல் பரிசும் இல்லை. வீடு திரும்பும்போது பேருந்துச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். கோபம் அவர்மேல் இல்லை. ஆறு மாதம் எண்ணியும் அந்த இரண்டு கேள்விகள் எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் வலித்தது.

யோசிக்க யோசிக்க என் தவறுகள் வரிசையாக நின்றன.

முதலாவது, கொப்புளம் என்பது தழும்பு மாதிரி. பேன்கள் வெளியேறிய பிறகும், செத்த பிறகும், அது இலையில் அப்படியே இருக்கும். நான் எண்ணியவற்றில் எத்தனை குடியிருக்கும் வீடு, எத்தனை பாழடைந்த வீடு? தெரியாது.

இரண்டாவது, கால இடைவெளி. இன்று பேன் குத்தினால் நாளையே கொப்புளம் தெரியாது. இலை விரிய வேண்டும், செல்கள் பெருக வேண்டும். கண்ணுக்குத் தெரியும்போது சில வாரங்கள் ஓடியிருக்கும். நான் பார்த்தது பழைய வானிலையின் விளைவை.

மூன்றாவதுதான் பெரியது. மழை வந்தால் கருவா மரம் துளிர்க்கும். புதிய இலைகள் செக்கச் சிவந்து தொங்கும், பிறகுதான் பச்சையாகும். இலை கூடினால் கொப்புளத்துக்கு இடம் கூடும். நான் மொத்தக் கொப்புளத்தை எண்ணினேனே தவிர, எத்தனை இலையில் எத்தனை என்று எண்ணவே இல்லை. ஒரு பள்ளியில் காய்ச்சல் கண்டவர்கள் 50 பேர், இன்னொன்றில் 20 பேர் என்றால் முதல் பள்ளிதான் மோசம் என்று சொல்லிவிட முடியுமா? முதல் பள்ளியில் 2,000 மாணவர்களும் இரண்டாவதில் 100 மாணவர்களும் இருந்தால்?

திங்கட்கிழமை உயிரியல் ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "உலாங்." திரும்பச் செய்.

போட்டி முடிந்துவிட்டது. இனிச் செய்தாலும் யாரும் மதிப்பெண் தரப்போவதில்லை. ஆனால் தீபாவளி வருவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. பாராங்கும் சுவரில்தான் இருந்தது.

வண்ண நூல்களும் ஒரு கூரையும்

இந்த முறை பாட்டியின் தையல் பெட்டி கைகொடுத்தது. ஒவ்வொரு வாரமும் புதிதாக விரியும் துளிர்களில் ஒரு நிற நூலைக் கட்டினேன். முதல் வாரம் சிவப்பு, அடுத்த வாரம் நீலம், பிறகு மஞ்சள். இப்போது ஒவ்வோர் இலைக்கும் பிறந்த நாள் உண்டு. எந்த வாரத் துளிரில் எத்தனை இலை, அவற்றில் எத்தனை இலைக்குக் கொப்புளம் வந்தது என்று பங்கு வீதம் கணக்கிட முடிந்தது. சில கொப்புளங்களைத் திறந்து, உள்ளே உயிர் இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

வறட்சி முடிவதற்கு முன் திறந்த பழுப்புக் கொப்புளங்கள் பெரும்பாலும் காலி. அப்படியானால் பேன்கள் எங்கே? துளிர்மொட்டு ஒன்றைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தேன். மடிப்புகளுக்கு நடுவே சில பேன்கள் பத்திரமாக இருந்தன. சிலந்திப்பேன் குடும்பத்தில் பல வகைகள் மோசமான பருவத்தை மொட்டுக்குள் ஒளிந்தே கழிக்கின்றன.

மார்ச் இறுதியில் நல்ல மழை. சில நாளில் மரம் சிவந்தது. அந்த முதல் துளிரில் இரண்டு மூன்று வாரம் கழித்துக் குண்டூசி முனை போன்ற புள்ளிகள். பிறகு கொப்புளங்கள். அந்த இலைகளில் பெரும்பகுதிக்கு வந்துவிட்டது.

செப்டம்பர், அக்டோபரில் நாள் தவறாமல் பெருமழை. மரம் மறுபடி மறுபடி துளிர்த்தது. மொத்தக் கொப்புளங்களின் எண்ணிக்கை போன ஆண்டைப் போலவே ஏறியது. ஆனால் பங்கு வீதம்? இறங்கியது! அடைமழை வாரங்களில் விரிந்த இலைகளில் கொப்புளம் இல்லாதவை ஏராளம். மொத்தத்தைப் பார்த்தால் "மழை பெருக்குகிறது". வீதத்தைப் பார்த்தால் "மழை குறைக்கிறது". ஒரே மரம், ஒரே மழை, எதிரெதிரான இரண்டு முடிவுகள். எண்ணுவது சரியாக இருந்தாலும் எதை எதால் வகுக்கிறோம் என்பதில் உண்மை புரண்டுவிடும் என்பதை அன்று கற்றேன்.

மழைதான் குறைத்ததா என்று சோதிக்க இன்னொரு வேலையும் செய்தேன். இரண்டு கிளைகளுக்கு மேல் பிளாஸ்டிக் தாளால் கூரை போட வேண்டும். தனியாக முடியவில்லை. வியப்பு என்னவென்றால், அப்பாவே மூங்கில் வெட்டி வந்து சட்டம் கட்டிக் கொடுத்தார். மரத்தை வெட்டக் கத்தி தீட்டிய அதே கைகள்.

கூரைக்குக் கீழே விரிந்த துளிர்களில், திறந்த கிளைகளைவிடக் கொப்புள வீதம் கூடுதலாக இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, "குடை புடிச்சா பேனுக்குத்தான் நல்லது போல" என்றார். நான் சிரித்தேன். ஆனால் நோட்டில் எழுதும்போது கவனமாக எழுதினேன். பிளாஸ்டிக் கூரை மழையை மட்டும் தடுக்கவில்லை. கீழே வெப்பத்தைக் கூட்டியது. காற்றையும் கொஞ்சம் தடுத்தது. ஆகவே வித்தியாசத்துக்குக் காரணம் மழைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதுவும் ஒரே ஒரு மரம். ஒரு மரத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது.

வானிலை எத்தனை கைகளால் தொடுகிறது?

இப்போது பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அன்று புரியாத பல விஷயங்களுக்கு இப்போது காரணம் தெரிகிறது. வானிலை சிலந்திப்பேனை ஒரு வழியில் மட்டும் தொடுவதில்லை.

காற்று: சிறகில்லாத பேனுக்குக் காற்றுதான் பேருந்து. வீடு மாறும் நேரம் வந்தால் அது இலையின் மேற்பரப்புக்கு வந்து, வால் நுனியால் பற்றிக்கொண்டு, உடலை நிமிர்த்தி நிற்கும். காற்று வீசியதும் பிடியை விடும். போய் விழும் இடம் சரியான மரமா, இளம் இலையா என்பது அதிர்ஷ்டம். பெரும்பாலானவை செத்துப்போகும். அதற்கு ஈடாகத்தான் அவை அவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன.

மழை: கொப்புளத்துக்குள் இருக்கும்வரை மழை ஒன்றும் செய்யாது. வெளியே நடமாடும் சில மணி நேரங்களில்தான் ஆபத்து. பெருந்துளி ஒன்றே பேனைக் கழுவித் தரையில் தள்ளப் போதும்.

வெயிலும் ஈரப்பதமும்: வெப்பம் கூடினால், ஓர் எல்லை வரை, பேனின் வளர்ச்சி வேகமாகும். வெப்பமண்டலத்தில் இந்தக் குடும்பத்துப் பேன்கள் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வர ஒன்றிரண்டு வாரங்களே போதும். ஆனால் சிறிய உடல் சீக்கிரம் உலரும். ஈரத் துணியில் கைக்குட்டை முதலில் காய்வது போல. வறண்ட காற்றில் வெளியே வந்தால் அதற்குச் சாவு. கொப்புளம் ஒருவகையில் பேன் குடியிருக்கும் ஈரமான குளிரூட்டிய அறை.

எதிரிகள்: சிலந்திப்பேனைப் பிடித்துத் தின்னும் வேறு பேன்களும் உண்டு. பூஞ்சைகளும் உண்டு. ஹிர்சுடெல்லா தாம்ப்சோனி என்ற பூஞ்சை, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டப் பேன்களை ஈரமான பருவத்தில் கூட்டங்கூட்டமாக அழிக்கிறது. ஈரம் பேனுக்கு நல்லது. அதன் எதிரிக்கும் நல்லது.

மரம்: எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மழை மரத்தைத் துளிர்க்க வைக்கிறது. துளிர் இல்லையென்றால் வீடே இல்லை.

இந்த ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் இழுப்பதில்லை. அதனால்தான் "மழை நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. எப்போது பெய்தது, எவ்வளவு வேகத்தில் பெய்தது, அப்போது இலைக்கு என்ன வயது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இலங்கையிலும் தென்னந்தோப்பிலும்

கருவா மரத்தின் தாயகம் இலங்கை. அங்கே தமிழில் அதைக் "கறுவா" என்பார்கள். பட்டை உரிப்பவர்கள் மழைக்காகக் காத்திருப்பார்கள். மழைக்குப் பின் மரத்தில் நீரோட்டம் கூடி, பட்டை சுலபமாகக் கழன்று வரும். ஆனால் சிவந்த துளிர் தொங்கும்போது உரிக்க மாட்டார்கள். அது பச்சையாகும்வரை பொறுப்பார்கள். உரிப்பவர் கண் வைத்திருக்கும் அதே துளிரின் மீதுதான் பேனும் கண் வைத்திருக்கிறது. இருவருடைய நாள்காட்டியும் மழைதான்.

இந்தக் குடும்பத்தின் இன்னோர் உறுப்பினர் நம் உறவினர்கள் பலரின் வயிற்றில் அடித்திருக்கிறது. தென்னைச் சிலந்திப்பேன். 1965ஆம் ஆண்டு மெக்சிகோவின் குவெரெரோ மாநிலத்துத் தேங்காய்களை வைத்து அது அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. 1997 இறுதியில் இலங்கையின் கற்பிட்டிப் பக்கம் காணப்பட்டது. 1998இல் கேரளம், அடுத்துத் தமிழ்நாடு என்று பரவியது. தேங்காயின் காம்பை மூடியிருக்கும் தொப்பிக்குக் கீழே ஒளிந்துகொண்டு இளங்காயைச் சுரண்டும். காய் சிறுத்து, மட்டையில் பழுப்புத் தழும்பு ஓடும். வறண்ட மாதங்களில் இதன் பெருக்கம் பொதுவாகக் கூடும். இங்கேயும் அதே கதை: தொப்பிக்குக் கீழே போய்விட்டால் மழையும் மருந்தும் எட்டாது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. கொப்புளத்தைப் பார்த்த பிறகு மருந்து அடிப்பது, திருடன் கதவைப் பூட்டிக்கொண்ட பிறகு வாசலில் நின்று கத்துவது போல. அப்பா முன்பு இரண்டு முறை மருந்து அடித்தும் பயனில்லாமல் போனதற்கு அதுதான் காரணம். பூச்சிகளுக்கான சில மருந்துகள் பேனைத் தின்னும் நல்ல பேன்களையும் கொன்றுவிடும். அப்போது நிலைமை இன்னும் மோசமாகும். புதுத் துளிரில் கொப்புளம் தொடங்கும்போதே அந்தக் கொழுந்துகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவதுதான் ஒரு வீட்டு மரத்துக்குப் போதுமான வைத்தியம்.

நீங்களும் பார்க்கலாம்

இதற்குப் பாலிக் புலாவுக்கு வர வேண்டியதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாலையோரங்களில், அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே, பள்ளி வளாகங்களில் காட்டுக் கருவா மரம் நிறைய உண்டு. மலாயில் "காயு மானிஸ் ஹுத்தான்". அறிவியல் பெயர் சின்னமோமம் இனர்ஸ். இலையின் அடியிலிருந்து நுனி நோக்கி மூன்று நரம்புகள் ஓடும். கசக்கினால் பட்டை வாசம் வரும். துளிர்க்கும்போது மரமே பூத்தது போலச் சிவக்கும். அதன் இலைகளிலும் கொப்புளங்களைப் பார்க்கலாம். அடுத்த முறை பேருந்துக்குக் காத்திருக்கும்போது அண்ணாந்து பாருங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் அங்கேயும் 2014 ஜனவரி, பிப்ரவரியில் தொடர்ந்து 27 நாள்கள் மழையற்ற வறட்சி வந்தது. அப்படி ஒரு வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையில் எந்த மரம் முதலில் துளிர்க்கிறது, எதில் கொப்புளம் கூடுகிறது என்று பார்ப்பது ஒரு நல்ல ஆய்வு. செலவு இல்லை. தேவை வண்ண நூல், நோட்டு, பொறுமை.

தொடங்குபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து நான்கு வார்த்தை. இலையின் பிறந்த வாரத்தைக் குறித்து வையுங்கள். மொத்தத்தை மட்டும் எண்ணாமல் வீதத்தையும் கணக்கிடுங்கள். இந்த வார விளைவுக்குப் போன மாத வானிலையில் காரணம் தேடுங்கள். ஒரே மரத்தோடு நிற்காமல் பல மரங்களைப் பாருங்கள். நான்காவதை நான் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம்

அந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அப்பா பாராங்கை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். பாட்டி சமையலறைச் சன்னலில் நின்றார். நான் நோட்டோடு ஓடினேன். கொப்புளம் முழுதும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். "மரம் தேறிவிட்டது" என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. வீதம் குறைந்திருக்கிறது, ஆனால் அடுத்த வறட்சிக்குப் பிறகு மறுபடி கூடலாம் என்று உள்ளதைச் சொன்னேன். பேனால் இலைதான் அசிங்கமாகிறதே தவிர, வளர்ந்த மரம் பொதுவாக அதனால் சாவதில்லை என்றும் சொன்னேன்.

அப்பா கேட்டுக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தார். பழைய கொப்புளங்கள் நிறைந்த தாழ்ந்த கிளைகள் நான்கைந்தை மட்டும் கழித்தார். அவற்றை ஓரமாகக் குவித்தார். கூரை போட்ட கிளைகளைத் தொடவில்லை. பிறகு பாராங்கைத் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"போத்தல்ல இந்த வாரம் எவ்வளவு மழை?"

தீபாவளியன்று பாட்டி இரண்டு இலை கிள்ளி வந்தார். ஒன்றில் மூலையில் ஒரு சின்னக் கொப்புளம் இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, மீதியைச் சட்டியில் போட்டார். அதே வாசம் வந்தது.